ஆட்டத்தை முடிப்பது அம்பயரா, சூரியனா?

கடைசி ஓவர். வெற்றிக்கு இன்னும் ஒன்பது ரன்கள். கையில் இரண்டு விக்கெட்டுகள். மேற்கே சூரியன் மறைந்து சில நிமிடங்களாகிவிட்டன. "பந்து தெரியவில்லை, ஆட்டத்தை நிறுத்துங்கள்" என்கிறார் பாட்ஸ்மன். "இவ்வளவு நேரம் தெரிந்த பந்து இப்போது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?" என்கிறது எதிர்க்கோஷ்டி. அம்பயர் ஆகாயத்தைப் பார்க்கிறார். கூட்டம் அம்பயரைப் பார்க்கிறது.

தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்து மைதானத்திலும் இந்தக் காட்சி நடக்கக்கூடியதே. தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தமது கடைசி நாட்களைக் கழித்து, 1925 ஜூலை 23-ல் கண்மூடிய ஊராகிய தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மின்விளக்குக் கோபுரங்களை நம்ப முடியாத இத்தகைய ஊர்களில், மாலைச் சூரியனே விளக்கு, அவனே கடிகாரம். அவன் போனபின் ஆட்டம் நியாயமாக நடந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆளில்லை.

இது கிராமத்து விவகாரம் மட்டுமல்ல. 2025 ஆகஸ்டு 3-ந் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதிய டெஸ்ட் பந்தயத்திலும் இதே கேள்விதான் எழுந்தது. இங்கிலாந்து வெற்றி பெற இன்னும் 35 ரன்கள் தேவை. இந்தியா வெற்றி பெற இன்னும் 4 விக்கெட்டுகள் தேவை. அந்த நேரத்தில் வெளிச்சம் போதாதென்று அம்பயர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு மழையும் வந்தது. மறுநாள் காலை, ஓர் இரவு ஓய்வெடுத்து வந்த இந்தியப் பந்து வீச்சாளர்கள் 28 ரன்களுக்குள் மீதி விக்கெட்டுகளை வீழ்த்தினார்கள். இந்தியா 6 ரன்களில் வென்றது! முந்தின நாள் மாலையே ஆட்டம் தொடர்ந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால், ஆகாயத்து வெளிச்சமும் ஒரு ஆட்டக்காரரைப் போல ஆட்டத்தில் கலந்துகொள்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அந்த வெளிச்சத்தை அளக்க முடியுமா? அளந்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா?

சட்டம் சொல்வது

ஒரு காலத்தில் இந்த முடிவில் பாட்ஸ்மன்களுக்கும் பங்கு இருந்தது. வெளிச்சம் குறைந்துவிட்டது என்று அம்பயர்கள் கருதினால், "ஆடுகிறீர்களா, போகிறீர்களா?" என்று களத்திலிருக்கும் பாட்ஸ்மன்களைக் கேட்பார்கள். இதன் விளைவு என்ன? தோல்வியைத் தவிர்க்க விரும்பும் கோஷ்டி, வெளிச்சத்தைக் காரணம் காட்டிப் பெவிலியனுக்கு நடக்கும். வெற்றியை நெருங்கிவிட்ட கோஷ்டியோ, இருட்டிலும் பந்து நன்றாகத் தெரிகிறது என்று சாதிக்கும். கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் ஸ்கோரைப் பொறுத்து மாறிற்று!

இந்த வழக்கம் 2010 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. அதன்பின் தீர்மானம் முழுக்க முழுக்க அம்பயர்கள் இருவரின் பொறுப்பு. இரண்டு கேள்விகளை அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர்களுக்கோ அம்பயர்களுக்கோ உண்மையான, முன்கூட்டியே தெரியக்கூடிய ஆபத்து இருக்கிறதா? இருந்தால் நிலைமை அபாயகரமானது. அபாயம் இல்லாவிட்டாலும், ஆட்டத்தைத் தொடர்வது முறையல்ல என்று சொல்லும்படி இருக்கிறதா? இருந்தால் நிலைமை ஆட்டத்துக்கு ஏற்றதல்ல. இரண்டில் எது உண்மையானாலும் ஆட்டம் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இத்தனை அளவுக்குக் கீழே வெளிச்சம் இறங்கினால் ஆட்டத்தை நிறுத்து என்று சட்டப் புத்தகத்தில் எந்த எண்ணும் கொடுக்கப்படவில்லை. அம்பயர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் மீட்டர் தீர்ப்புச் சொல்லும் யந்திரமல்ல. சாட்சி சொல்லும் யந்திரம். வெளிச்சம் முன்னைவிடக் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று காட்டுவதே அதன் வேலை. முதல் தடவை ஆட்டம் நிறுத்தப்படும்போது மீட்டர் காட்டும் எண், அந்தப் பந்தயம் முழுவதற்கும், சில சமயம் அந்தத் தொடர் முழுவதற்கும் ஓர் எல்லைக் கல்லாகிவிடுகிறது. அந்த எண்ணுக்குக் கீழே வெளிச்சம் இறங்கினால், அப்போது எந்தக் கோஷ்டி ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, ஆட்டம் நிற்க வேண்டும்.

கண் செய்யும் மோசடி

அனுபவமுள்ள அம்பயருக்கு மீட்டர் எதற்கு, கண் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே விஞ்ஞானத்தின் பதில்.

ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். மேகமூட்டமான பகலில் இது சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். அலுவலக மேஜை மீது 300 முதல் 500 லக்ஸ் இருந்தாலே தாராளம். வெயிலிலிருந்து அலுவலகத்துக்குள் நுழைபவர், இங்கே வெளிச்சம் இருநூறில் ஒரு பங்குதான் என்று உணர்வதில்லை. கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறார். சில நிமிடங்களில் அதுவும் மறந்துவிடுகிறது.

காரணம், கண் வெளிச்சத்தின் மொத்த அளவைப் பார்ப்பதில்லை. விகித வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. அதுவும் மெல்ல மெல்ல நிகழும் மாற்றமானால், கண்ணின் பாவை விரிந்துகொடுத்து அதற்குப் பழகிக்கொள்கிறது. மாலை நான்கு மணியிலிருந்து களத்தில் நிற்கும் அம்பயருக்கு ஐந்தரை மணி வெளிச்சமும் ஏறக்குறைய அதே வெளிச்சமாகவே படும். நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்போதுதான் மட்டையோடு இறங்கும் பாட்ஸ்மனுக்கு வேறு மாதிரி தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கண்ணும் வெவ்வேறு அளவில் பழகியிருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொஹீமிய விஞ்ஞானி யான் புர்க்கின்யே என்பவர் இதைக் கவனித்து எழுதினார். பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு நிறம், அந்திப்பொழுதில் மற்ற நிறங்களைவிட முந்திக்கொண்டு கறுத்துப்போகிறது. பச்சையும் நீலமும் அதன்பிறகும் சற்று நேரம் தெளிவாகத் தெரிகின்றன. மங்கிய ஒளியில் கண்ணின் வேறு வகை நரம்பணுக்கள் வேலையை ஏற்றுக்கொள்வதுதான் காரணம். அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறைய இருட்டுதான். சிவப்புப் பந்தைக்கொண்டு ஆடப்படும் டெஸ்ட் பந்தயத்தில் மாலை நேரம் ஏன் இத்தனை தகராறுக்கு இடமாகிறது என்பது இப்போது விளங்கும். கறுத்துப்போன பந்து, கறுத்துப்போன மரங்களின் பின்னணியிலிருந்து வருகிறது.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, கையை விட்டுக் கிளம்பி மட்டையை அடைய ஏறக்குறைய அரை வினாடிதான் ஆகிறது. கண் பார்த்ததை மூளை உணர்ந்து உடம்பு அசைவதற்கு அதில் ஐந்தில் இரண்டு பங்கு செலவாகிவிடுகிறது. வெளிச்சம் குறையக் குறைய இந்தப் பங்கு கூடுகிறது. மிஞ்சுவது மட்டையை நகர்த்தும் அவகாசம். அதிலிருந்து கொஞ்சம் திருடப்பட்டால் அது விக்கெட்டாக மட்டும் முடியும் என்பதில்லை, மண்டையிலும் முடியலாம்.

பெரிய மைதானங்களின் பாடம்

மீட்டர் இருந்தும் இல்லாமலும் உலகம் பார்த்த சில மாலைகள் இந்த விவகாரத்தின் எல்லாப் பக்கங்களையும் காட்டுகின்றன.

1971 ஜூலையில் மான்செஸ்டரில் லங்காஷயருக்கும் குளோஸ்டர்ஷயருக்கும் நடந்த ஜில்லெட் கோப்பை அரை இறுதி ஆட்டம் இரவு ஒன்பது மணியை நெருங்கியது. வெளிச்சம் போதவில்லை என்று முறையிட்ட லங்காஷயர் காப்டனிடம், அம்பயர் ஆகாயத்துச் சந்திரனைக் காட்டி, அது தெரிகிறதல்லவா, இன்னும் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று கேட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்த இருட்டில் டேவிட் ஹ்யூஸ் ஒரே ஓவரில் 24 ரன்கள் விளாசி லங்காஷயரை வெற்றியின் விளிம்புக்குக் கொண்டுவந்தார். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒரு பந்து அவர் முகத்தில் பட்டிருந்தால் அதே கதையை யாரும் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார்கள்.

2000 டிசம்பரில் கராச்சியில் வேறு விதம். இங்கிலாந்துக்கு 176 ரன்கள் இலக்கு. பாகிஸ்தான் கோஷ்டி ஓவர்களை மெல்ல மெல்ல வீசி நேரத்தைக் கடத்திற்று. வெளிச்சம் மங்கியதும், ஆட்டத்தை நிறுத்த வேண்டுமென்று காப்டன் மொயீன் கான் முறையிட்டார். அம்பயர் ஸ்டீவ் பக்னர் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய இருட்டிலேயே இங்கிலாந்து 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த மைதானத்தில் அதுவரை எந்த டெஸ்டிலும் தோற்றிராத பாகிஸ்தான் அன்று தோற்றது. இருட்டை ஓர் ஆயுதமாக்கப் பார்த்தவருக்கு அந்த ஆயுதம் கொடுக்கப்படவில்லை என்பது ஒரு நியாயம். இருட்டில் பீல்டு செய்தவர்களுக்குப் பந்து தெரியவில்லை என்பதும் உண்மை.

2013 ஆகஸ்டில், இதே ஓவலில், ஆஸ்திரேலியாவை வெல்ல இங்கிலாந்துக்கு 24 பந்துகளில் 21 ரன்களே தேவையாக இருந்தபோது, மீட்டர் காட்டிய எண்ணை வைத்து ஆட்டம் நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வந்த கூட்டம் கூச்சல் போட்டது. 2015 அக்டோபரில் அபுதாபியில் பாகிஸ்தானுக்கு எதிராக இங்கிலாந்து இன்னும் 25 ரன்கள் எடுக்க வேண்டியிருந்த நேரத்தில் சூரியன் முந்திக்கொண்டது.

நம் நாட்டு ரசிகர்கள் மறக்காதது 2021 நவம்பர் 29. கான்பூரில் நியூஜிலாந்தின் கடைசி விக்கெட்டை வீழ்த்தினால் இந்தியாவுக்கு வெற்றி. ரச்சின் ரவீந்திராவும் அஜாஸ் படேலும் 52 பந்துகளைத் தாக்குப்பிடித்து நின்றார்கள். அம்பயர்கள் மீட்டரை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். 98 ஓவர்கள் முடிந்ததும், இனி வெளிச்சம் போதாதென்று ஆட்டத்தை முடித்தார்கள். அப்போது பந்து வீசிக்கொண்டிருந்தவர்கள் அசுவினைப் போன்ற சுழல் பந்து வீச்சாளர்களே. ஆனாலும் மீட்டர் சொன்னது சொன்னதுதான். இந்திய ரசிகர்களுக்கு ஏமாற்றம். ஆனால் இந்திய மைதானத்தில், இந்தியக் கூட்டத்தின் முன்னால், விருந்தாளிக் கோஷ்டிக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பை அம்பயர்கள் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. கையில் ஓர் எண் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

விளக்குப் போட்டால் தீராதா?

பெரிய மைதானங்களில் மின்விளக்குகள் இருக்கின்றனவே, போட்டுவிட்டு ஆடலாமே என்பது பலரின் கேள்வி. வெள்ளைப் பந்துக்கு அது சரி. கெரி பாக்கர் 1977-ல் ஆரம்பித்த போட்டிகளில் இரவு ஆட்டத்துக்கு வெள்ளைப் பந்தைத்தான் கொண்டுவந்தார். சிவப்புப் பந்து மின்விளக்கில் சரியாகத் தெரிவதில்லை. பகல் வெளிச்சம் போய் மின்விளக்கின் ஒளி ஓங்கும் நேரத்தில் சிரமம் அதிகமாகிறது. அதனால்தான் இரவு டெஸ்ட் ஆடுவதற்கென்றே இளஞ்சிவப்புப் பந்து செய்யப்பட்டு, 2015 நவம்பரில் அடிலெய்டில் முதல் பகலிரவு டெஸ்ட் நடந்தது. இந்தியாவில் 2019 நவம்பரில் கல்கத்தாவில் நடந்தது.

வெளிச்சம் குறைந்தபின்னும் ஆட்டத்தை நடத்த இன்னொரு சமரசமும் உண்டு. வேகப்பந்து வேண்டாம், சுழல் பந்து மட்டும் வீசலாம் என்று அம்பயர்கள் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் இலங்கைக்கு எதிரான ஓவல் டெஸ்டில், வேகப்பந்து வீச்சாளரான கிறிஸ் வோக்ஸ் ஓவரின் நடுவே சுழல் பந்து வீச நேர்ந்த வேடிக்கை இப்படி நிகழ்ந்ததுதான். ஆபத்து குறைகிறது, ஆனால் ஒரு கோஷ்டியின் பலம் பாதியாகிறது. இலவசமாக எந்தத் தீர்வும் கிடைப்பதில்லை.

வெளிச்சம் கூடினாலும் வம்பு

மங்கிய வெளிச்சம் மட்டும்தான் பகை என்று எண்ண வேண்டாம். 2019 ஜனவரி 23-ல் நியூஜிலாந்தின் நேப்பியர் மைதானத்தில், இந்தியா ஆடிக்கொண்டிருந்தபோது, அளவுக்கு மீறிய வெயிலால் ஆட்டம் நின்றது! அங்கே பிட்ச் கிழக்கு மேற்காக அமைந்திருக்கிறது. சாயங்காலச் சூரியன் பாட்ஸ்மனின் கண்ணில் நேராக அடித்தது. சூரியன் இறங்கும் வரை காத்திருந்து, ஓர் ஓவரைக் குறைத்து, இலக்கை 158-லிருந்து 156-ஆகத் திருத்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பிட்சை வடக்கு தெற்காகப் போடுவது உலகெங்கும் வழக்கமாயிருப்பதன் காரணம் இதுதான்.

பந்து வீச்சாளரின் கைக்குப் பின்னால் இருக்கும் பின்னணியும் வெளிச்சத்தைப் போலவே முக்கியம். 1962 மார்ச்சில் பார்படாஸில் இந்தியக் காப்டன் நாரி கண்ட்ராக்டர், சார்லி கிரிஃபித் வீசிய பந்து தலையில் பட்டு மண்டையோடு பிளந்து உயிருக்குப் போராடினார். மேற்கிந்தியக் காப்டன் பிராங்க் வொரல் அவருக்கு ரத்தம் கொடுத்தார். பந்து வரும் திசையில் பெவிலியனில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தது தம் கவனத்தைக் கலைத்தது என்று கண்ட்ராக்டர் பிற்காலத்தில் சொன்னார். அந்தத் திசையை மறைக்கத் திரை இல்லை. உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை.

நம்மூர் அந்தி வேகமானது

இனி பாப்பாரப்பட்டிக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் எழுதப்பட்ட சட்டத்தையும் அங்குள்ள வழக்கத்தையும் நம்மூரில் அப்படியே பின்பற்றுவதில் ஒரு முக்கியமான சிக்கல் இருக்கிறது. அங்கே அந்தி நீளமானது, இங்கே குறுகியது.

லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைந்தபின் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகாயத்தில் உபயோகமான வெளிச்சம் தங்கும். பாப்பாரப்பட்டியில் சூரியன் செங்குத்தாகச் சரிந்து போகிறது. நிர்மலமான ஆகாயத்தில் அஸ்தமன வேளையில் சுமார் 400 லக்ஸ் இருக்கும் வெளிச்சம், 22 நிமிடங்களில் 3 லக்ஸ் அளவுக்கு வந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், சராசரி மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வெளிச்சம் பாதியாகிறது!

ஓர் ஓவர் வீச நான்கு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அஸ்தமனத்துக்குப் பின் வீசப்படும் ஒவ்வொரு ஓவரும் முந்தின ஓவருக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பாதிகூட இல்லாமல் வீசப்படுகிறது. "இரண்டு பேருக்கும் ஒரே வெளிச்சம்தானே" என்ற வாதம் இங்கே அடியோடு விழுந்துவிடுகிறது. முதலில் ஆடிய கோஷ்டி நான்கு மணி வெயிலில் ரன் குவித்தது. இரண்டாவதாக ஆடும் கோஷ்டி தன் கடைசி மூன்று ஓவர்களைப் பாதி, கால், அரைக்கால் என்று தேயும் வெளிச்சத்தில் ஆடுகிறது. டாஸில் தோற்றபோதே பந்தயத்தில் பாதி தோற்றாகிவிட்டது.

இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஆனால் சூரியன் ஊருக்கு ஊர் வேறு. 2025 நவம்பரில் குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட் நடந்தபோது, அங்கே மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால், ஆட்டம் காலை 9 மணிக்கே ஆரம்பித்தது. சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே தேநீர் இடைவேளை விட்டார்கள்! சூரியனோடு வாதாடுவதைவிட நேர அட்டவணையை மாற்றுவது எளிது என்பதை வாரியமே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

பாப்பாரப்பட்டியில் ஜூலைத் தொடக்கத்தில் அஸ்தமனம் 6.45-க்கு மேல். மே முதல் தேதி 6.30-ஐ ஒட்டி. பொங்கல் சமயத்தில் 6.10. நவம்பர் நடுவிலோ 5.50. கோடை விடுமுறையில் ஆடிப் பழகிய அதே நேரக் கணக்கோடு கார்த்திகையில் ஆட வந்தால், கடைசி அரை மணி இருட்டில்தான் போகும்.

கிராமத்துக்கு ஏற்ற வழி

இதற்கெல்லாம் பெருஞ்செலவு வேண்டியதில்லை. டாஸ் போடுவதற்கு முன் சில விஷயங்களைப் பேசி எழுதிக்கொண்டால் போதும்.

முதலாவது, பஞ்சாங்கம். அல்லது சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். அன்றைய அஸ்தமன நேரம் அதில் இருக்கும். சென்னைக்குக் கணித்த நேரமானால், மேற்கே இருக்கும் பாப்பாரப்பட்டியில் சுமார் 9 நிமிடம் கழித்துத்தான் சூரியன் மறையும். அந்த 9 நிமிடத்தை ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். மைதானத்தின் மேற்கே ஒரு குன்றோ தென்னந்தோப்போ இருந்தால் அது அந்த நிமிடங்களை விழுங்கிவிடும். கடைசிப் பந்து அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் முன்பே வீசப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பின்னாலிருந்து கணக்குப் போடுவது. பத்து ஓவர் பந்தயத்துக்கு இரு கோஷ்டிக்கும் சேர்த்து 80 நிமிடம், இடைவேளை 10, பந்து முள்வேலிக்குள் போய்த் தேடும் நேரம் 10. ஆக 100 நிமிடம். நவம்பரில் 5.30-க்கு முடிய வேண்டுமானால் 3.50-க்கு முதல் பந்து வீசப்பட்டாக வேண்டும். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால், இரு கோஷ்டிக்கும் சமமாக ஓவரைக் குறைத்த பிறகே டாஸ் போட வேண்டும். முதல் கோஷ்டி முழுக்க ஆடி முடித்தபின் இரண்டாவது கோஷ்டிக்கு மட்டும் குறைப்பது அநியாயம்.

மூன்றாவது, மேகம் மூடிய நாளுக்காக ஒரு மீட்டர். அம்பயர் கையிலிருக்கும் கைபேசியே போதும். திரையின் ஒளியைத் தானே கூட்டிக் குறைக்க உதவும் உணர்கருவி பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது. அது காட்டும் லக்ஸ் கணக்கை இலவசச் செயலிகள் மூலம் படிக்கலாம். ஒரு போன் காட்டும் எண்ணை இன்னொரு போன் காட்டாது என்பது வாஸ்தவம். அதனால்தான் ஒரே போன், ஒரே இடம், ஒரே திசை என்று விதித்துக்கொள்ள வேண்டும். சர்வதேச அம்பயர்களும் அளவை ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். போட்டியில் முதல் தடவை ஆட்டம் நிறுத்தப்பட்ட எண் எதுவோ, இறுதி ஆட்டம் வரை அதுவே எல்லை.

நான்காவது, பந்தின் நிறம். பச்சை கலந்த மஞ்சள் டென்னிஸ் பந்து அந்தியில் சற்றுக் கூடுதல் நேரம் தெரியும். சிவப்புக் கார்க் பந்து முந்திக் கறுக்கும். ஆகவே கார்க் பந்து ஆட்டத்தை இன்னும் சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும். பந்து வீச்சாளருக்குப் பின்னால் ஒரு திரை கட்டலாம்: சிவப்புப் பந்துக்கு வெள்ளைக் காடாத் துணி, மஞ்சள் பந்துக்குக் கருந்துணி. டென்னிஸ் பந்துதானே, பட்டால் என்ன என்று அலட்சியம் வேண்டாம். வேகமாக வரும் எந்தப் பந்தும் விழிக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், விழித்திரையைப் பிரித்துவிடலாம்.

ஐந்தாவது, முடியாத ஆட்டத்துக்கு என்ன செய்வது என்பது. மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடர்வதே உத்தமம். அது முடியாதென்றால் பரிசைப் பங்கிடுவதா, சம ஓவரில் எடுத்த ரன்களை ஒப்பிடுவதா என்பதை முன்பே எழுதி, இரண்டு காப்டன்களும் கையெழுத்திட வேண்டும். நிறுத்தும் அதிகாரம் இரண்டு அம்பயர்களுக்கு மட்டுமே. போட்டி நடத்துபவருக்கு இல்லை.

விளையாட்டுக்கு இவ்வளவா?

பொழுதுபோக்குக்காக ஆடும் ஆட்டத்துக்கு இத்தனை விதிமுறையா என்று சிலர் கேட்கக்கூடும். கிராமத்து மாலை ஆட்டம் இப்போது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த நடராஜன், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். 2023-ல் தம் சொந்த ஊரிலேயே ஒரு மைதானத்தைத் திறந்தார். அவருக்குப் பின்னால் எத்தனையோ இளைஞர்கள் இந்த வட்டாரத்து மைதானங்களில் மட்டை பிடிக்கிறார்கள். அவர்களுடைய திறமை, தெரிந்த பந்தில் சோதிக்கப்பட வேண்டும். தெரியாத பந்தில் அல்ல.

எதற்கெடுத்தாலும் வெளிச்சத்தைக் காரணம் காட்டி ஆட்டத்தை நிறுத்துவதும் தப்புதான். ஓவலில் கூச்சல் போட்ட ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு மருந்து, இருட்டில் ஆட வைப்பதல்ல. இருட்டுவதற்கு முன் முடியும்படி ஆட்டத்தை ஆரம்பிப்பது. இந்த ஆண்டு கார்த்திகையில் பாப்பாரப்பட்டியிலோ பக்கத்து ஊரிலோ ஒரு போட்டிக்கு நோட்டீஸ் அச்சடிப்பவர்கள், நுழைவுக் கட்டணமும் பரிசுத் தொகையும் போடும் இடத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும்: கடைசிப் பந்து மாலை 5.30 மணிக்கு.